ஜப்பானிய கரோக்கே அறையில் பாடுவது எப்படி: பாட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் மைக்கைப் பிடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம் இளைஞர்கள் கரோக்கே அறையில் தடுமாறுவதற்குக் குரல் காரணமல்ல, வரிசைதான் காரணம். பிடித்த பாட்டை எடுக்கிறார்கள், வரிகளை மனப்பாடம் செய்கிறார்கள், அறைக்குள் போன பிறகுதான் அது தங்கள் தொண்டைக்கு எட்டாது என்று தெரிகிறது. இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் தொண்டை, அடுத்து வாய், கடைசியில்தான் மனப்பாடம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹிரகானா, கதகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகள் இரண்டையும் நிறுத்தாமல் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சி என்ற சீனவழி எழுத்துகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கரோக்கே திரையில் காஞ்சி எழுத்துகளின் மேல் ஃபுரிகானா என்ற சிறிய வாசிப்புக் குறிப்பு வரும். காஞ்சி தெரிந்தவர்களும் அந்தக் குறிப்பைத்தான் பின்பற்ற வேண்டும். பாடலாசிரியர்கள் ஒரு காஞ்சிக்கு அகராதியில் இல்லாத வாசிப்பைக் கொடுப்பது இங்கே சாதாரணம்.

சில கருவிகளில் ரோமன் எழுத்திலும் வரிகள் வரும். எல்லாப் பாட்டுக்கும் எல்லா அறையிலும் அது கிடைக்காது, அதை நம்பிப் போகாதீர்கள்.

வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வதையும் தவிர்த்துவிடுங்கள். யொஅசொபி குழுவின் ‘யொரு நி ககெரு’ என்ற தலைப்பையே பாருங்கள். தமிழில் எழுதியதும் நடுவில் வரும் ‘கெ’ நம் வாயில் ‘தங்கம்’ என்பதில் வரும் க ஒலியாகிவிடுகிறது. அங்கே வேண்டியது ‘கடல்’ என்பதன் க ஒலி. அது மாறினால் ஓடுவது என்ற சொல் நிழல் படிவது என்ற வேறு சொல்லாகிவிடும். த, ப எழுத்துகளிலும் இதே சிக்கல்தான். ஹிரகானாவில் இந்தக் குழப்பம் கிடையாது. உதாதென் தளத்தில் வரிகள் ஃபுரிகானாவுடனே கிடைக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, பட்டியலைச் சுருக்குங்கள். மூன்று பாட்டு போதும். ஏன் மூன்று என்பது 7-ஆம் படியில் தெரியும்.

2. கடைசி ஸபியிலிருந்து சோதியுங்கள்

ஜப்பானிய பாப் பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: ஏ மெலோ என்ற தொடக்க மெட்டு, ஸபிக்கு இட்டுச் செல்லும் பி மெலோ, பிறகு ஸபி. நம் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வந்து மனதில் ஒட்டிக்கொள்ளும் பகுதி ஸபி. இந்தச் சுற்று இரண்டு முறை வந்த பின் புது மெட்டில் சி மெலோ, அதன் பிறகு கடைசி ஸபி.

பாட்டின் மிக உயர்ந்த சுரம் பெரும்பாலும் அந்தக் கடைசி ஸபியில் இருக்கும். சில பாட்டுகளில் அங்கே சுருதியும் மாறும். புதியவர்கள் ஆரம்பத்திலிருந்து பாடிப் பார்த்து, ஏ மெலோ எளிதாக இருப்பதைக் கண்டு ஏமாறுகிறார்கள். நீங்கள் கடைசி ஸபியை முதலில் ஓடவிட்டு, கூடவே முழுக் குரலில் பாடிப் பாருங்கள். முனகிப் பார்த்தால் எல்லாமே எட்டுவதுபோல்தான் இருக்கும்.

கழுத்து இறுகினாலோ தாடை மேலே தூக்கிக்கொண்டாலோ அந்தச் சுருதி உங்களுக்கு உயரம். பாட்டைக் கைவிட வேண்டியதில்லை, கீயை, அதாவது பாட்டின் சுருதியைக் குறைத்தால் போதும். கரோக்கே ரிமோட்டில் ஒரு அழுத்தலுக்கு அரை சுரம் இறங்கும். இரண்டோ மூன்றோ இறக்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ஜப்பானியர்களே சாதாரணமாகச் செய்வதுதான் இது. ஒஃபிஷியல் ஹிகெ டான்டிஸம், மிஸஸ் கிரீன் ஆப்பிள் குழுக்களின் பாட்டுகளை அசல் சுருதியில் பாடும் ஆண்கள் இங்கேயும் குறைவுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பாட்டுகள் கருவியில் அசல் சுருதியிலேயே தொடங்காது, பாடத் தோதாக ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் பழகியது அசலோடு என்றால், ரிமோட்டில் உள்ள கென்கியொகு கீ என்ற பட்டனைத் தட்டி அசலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஏற்றி இறக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் சரியாக வந்த பாட்டு அறையில் ஏன் வரவில்லை என்று புரியாமல் குழம்புவீர்கள்.

3. பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

வேகத்தைப் பார்த்துக் கடினத்தை அளக்காதீர்கள். தகஹஷி யோகோ பாடிய ‘ஸன்கொகுனா தென்ஷி நொ தேஸெ’ (1995), யொஅசொபியின் ‘யொரு நி ககெரு’ (2019) இரண்டின் தாள வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான், நிமிடத்துக்கு 130 தட்டு அளவில். ஆனால் முதலாவதை ஒரு மாதத்தில் பாடிவிடுபவர்கள் இரண்டாவதில் முதல் நிமிடத்திலேயே மூச்சிரைக்கிறார்கள். ஒரு தட்டுக்குள் எத்தனை எழுத்து அடைத்திருக்கிறது, மூச்சு வாங்க எங்கே இடம் விட்டிருக்கிறது என்பவைதான் கணக்கு. யொஅசொபி பாட்டில் வரி முடிவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிடும், கடைசிப் பகுதியில் சுருதியும் மாறும். அதே குழுவின் ‘ஐடல்’ (2023) இன்னும் கடினம், ராப் பகுதியும் உண்டு. இவற்றை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதல் பாட்டாக எடுக்க நான் சொல்வது நான்கு.

சகமொதொ க்யூவின் ‘உஎ ஒ முயிதெ அருகோ’ (1961) மெதுவான பாட்டு, எழுத்துகள் குறைவு, நடுவில் விசில் வருவதால் மூச்சும் கிடைக்கும். பழைய பாட்டு என்று தயங்காதீர்கள், இருபது வயதுக்காரர்களுக்கும் இது தெரியும். ஸ்மாப் குழுவின் ‘செகய் நி ஹிதொத்சு டகெ நொ ஹனா’ (2003) எல்லோரும் ஒரே குரலில் பாடும் வகை. உச்ச சுரங்கள் அதிகமில்லை, நீங்கள் தடுமாறினாலும் அறை உங்களைத் தூக்கிச் செல்லும். ஹிதொதொ யோவின் ‘ஹனாமிஸுகி’ (2004) மெதுவாக நகர்வதால் ஹிரகானா வாசிப்பில் வேகமில்லாதவர்களுக்கு ஏற்றது. ஸ்பிட்ஸ் குழுவின் ‘செரி’ (1996) நடுத்தர வேகம், முப்பது நாற்பது வயது சக ஊழியர்களும் கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

அடுத்த கட்டத்துக்கு அய்ம்யொன் பாடிய ‘மேரிகோல்டு’ (2018). பெண்களில் குரல் சற்றுத் தாழ்ந்தவர்களுக்கு அது கச்சிதம். நம் வயதுக் கூட்டம் என்றால் ஒகினாவாவைச் சேர்ந்த மொங்கொல் 800 குழுவின் ‘ச்சீஸனா கொய் நொ உதா’வையும் (2001) சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் அதிகம், ஆனால் மெட்டு எளிது. ஸபியில் அறையே கத்திப் பாடும் என்பதால் அங்கே உங்கள் உச்சரிப்பை யாரும் எடைபோட மாட்டார்கள்.

புதியவர்கள் ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் பாட்டு ரெமியோரோமென் குழுவின் ‘கொனாயுகி’ (2005). ஏ மெலோ தாழ்வாக, அமைதியாகப் போகும். ஸபி தொடங்கியதும் தலைப்புச் சொல்லே மேலே பாய்ந்து அங்கேயே நீண்டு நிற்கும். கீயைக் குறைத்தால் ஏ மெலோ பாதாளத்துக்குப் போய்விடும். இப்படி அடியும் உச்சியும் வெகுதூரம் விலகிய பாட்டைக் கீ மாற்றத்தால் காப்பாற்ற முடியாது. ‘லெமன்’, ‘ப்ரிடெண்டர்’, ‘குரென்கெ’ போன்ற பிரபலப் பாட்டுகளில் எதுவானாலும் தேர்ந்தெடுக்கும் முன் உச்சியோடு அடியையும் பாடிப் பாருங்கள்.

க்ரீன் குழுவின் ‘கிசெகி’ (2008) போன்றவற்றில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும். தனியாக எடுத்தால் எந்த வரியைப் பாடுவது என்று திணறுவீர்கள். கூட ஒருவர் இருந்தால் மட்டும் எடுங்கள்.

4. வாயைப் பழக்குங்கள்: மெய்யெழுத்துக்கும் ஒரு மாத்திரை

மெட்டை விட்டுவிட்டு வரிகளைத் தாளத்தோடு வாசிக்கும் படி இது. பெரும்பாலோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘ஏன் எனக்கு எப்போதும் தாளம் முந்திக்கொள்கிறது?’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

குறில், நெடில் வேறுபாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் ஜப்பானிய நெடிலில் நாம் தவறுவதில்லை. தவறுவது ஒற்றில். தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ‘ன்’ என்ற எழுத்துக்கும், ஒற்று இரட்டிக்கும் இடத்தில் வரும் சிறிய த்சு எழுத்துக்கும் முழு மாத்திரை. பாட்டில் பல இடங்களில் அந்த ‘ன்’னுக்குத் தனிச் சுரமே கொடுத்திருப்பார்கள்.

ராட்விம்ப்ஸ் குழுவின் 2016-ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஸென்ஸென்ஸென்ஸெ’. நம் இலக்கணப்படி எண்ணினால் நான்கு குறில், மூன்று மெய், ஆக ஐந்தரை மாத்திரை. ஜப்பானியக் கணக்கில் ஏழு. ஸெ, ன், ஸெ, ன், ஸெ, ன், ஸெ. மேசையில் விரலால் ஏழு தட்டு தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்தைச் சொல்லுங்கள். ஐந்தரையில் முடித்தவர் அடுத்த வரிக்கு முன்கூட்டியே போய் நிற்பார், தாளம் முந்தியதாகத் தோன்றுவது அதனால்தான். எண்ணற்ற காதல் பாட்டுகளில் வரும் ‘ஸுத்தொ’ என்ற சொல்லையும் இப்படியே மூன்று தட்டாகப் பழகுங்கள். நடுத் தட்டில் ஒலி இருக்காது, ஆனால் நேரம் ஓடும்.

உகரத்துக்கு இதழைக் குவிக்காதீர்கள். ‘நாடு’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு இதழ் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி இருந்தால் போதும். பேச்சில் விழுங்கப்படும் உயிர்கள் பாட்டில் திரும்ப வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘தெஸ்’ என்று பேசுபவர்கள் சுரம் இருந்தால் ‘தெஸு’ என்று முழுதாகப் பாடுவார்கள்.

திரையில் ஹிரகானாவைப் பார்த்து வாசிப்பவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. வேற்றுமை உருபுபோல் வரும் ஹ எழுத்தை ‘வ’ என்றும், ஹெ எழுத்தை ‘எ’ என்றும் வாசிக்க வேண்டும். பேசும்போது தெரிந்த விஷயம்தான், ஆனால் பாடும் பதற்றத்தில் கண் பார்த்ததை வாய் சொல்லிவிடும். வரிகளை அச்சிட்டு அந்த இடங்களை வட்டமிட்டுவிடுங்கள்.

5. மனப்பாடத்தை இரண்டாம் ஏ மெலோவிலிருந்து தொடங்குங்கள்

ஸபி கேட்டுக் கேட்டே ஏறிவிடும், அதற்கு உழைக்க வேண்டாம். முதல் ஏ மெலோவும் பாதி தெரிந்திருக்கும். இரண்டாம் ஏ மெலோவில் மெட்டு அதுவே, வரிகள் வேறு. எழுத்துகளின் எண்ணிக்கையும் சிறிது மாறியிருக்கலாம். அனிமே தொலைக்காட்சியில் வருவது ஒன்றரை நிமிட வடிவம் என்பதால் அனிமே ரசிகர்கள் பலர் இந்தப் பகுதியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கரோக்கேயில் ஓடுவதோ முழுப் பாட்டு.

அதனால் முதல் வாரத்தில் இரண்டாம் ஏ மெலோவையும் சி மெலோவையும் மட்டும் பழகுங்கள். பிறகு முழுப் பாட்டுக்கு வாருங்கள். வரிகளின் பொருளையும் ஒருமுறை படித்துவிடுங்கள், எங்கே மூச்சு வாங்கலாம் என்பது பொருள் தெரிந்தால்தான் பிடிபடும்.

குரலோடு நேராகத் தொடங்கும் பாட்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஸன்கொகுனா தென்ஷி நொ தேஸெ’, ‘யொரு நி ககெரு’, ‘லெமன்’, ‘குரென்கெ’ எல்லாம் இந்த வகை. முன்னிசை இல்லாததால் சுருதி பிடிக்க அவகாசம் கிடைக்காது. முதல் எழுத்தின் சுரத்தை உங்கள் சாதாரணக் குரலிலிருந்து எடுக்கப் பழகாவிட்டால் முதல் வரி முழுக்க வேறு சுருதியில் போய்விடும்.

6. தனியாக ஒரு முறை ஒத்திகை

ஒருவர் மட்டும் அறை எடுத்துப் பாடுவதற்கு ஹிதொகரா என்று பெயர். வரவேற்பில் ‘ஒருவர்’ என்று சொல்லத் தயங்க வேண்டாம், தினமும் பலர் வருகிறார்கள்.

வார நாள் பகல்தான் மலிவு. வாசலில் பெரிதாக எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் ஓர் ஆளுக்கு 30 நிமிடத்துக்கு. அறைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்று நினைத்து உள்ளே போய் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. அதோடு ஓர் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும், அல்லது நாமே எடுத்துக் குடிக்கும் டிரிங்க் பார் கட்டணம் சேரும். வெள்ளி மாலை, சனி, விடுமுறைக்கு முந்தைய இரவு எல்லாம் உயர்ந்த கட்டணம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஃப்ரீ டைம் என்ற, குறிப்பிட்ட நேரம் வரை பாட ஒரே தொகை வாங்கும் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வரவேற்பில் எந்தக் கருவி வேண்டும் என்று கேட்கலாம். டாம், ஜாய்சவுண்ட் என்று முக்கியமாக இரண்டு. பின்னர் நண்பர்களோடு போகப்போகும் கடையில் எது இருக்கிறதோ அதையே எடுங்கள். பாட்டு நூலகமும் ரிமோட்டும் இரண்டிலும் வேறு. டாமின் ரிமோட் டென்மொகு, ஜாய்சவுண்டின் ரிமோட் கியொகுநாவி. பல ரிமோட்களில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம், ஆனால் பாட்டின் பெயரை ஹிரகானாவில் தட்டித் தேடுவதுதான் வேகம்.

அறைக்குள் நுழைந்ததும் ஒலியைச் சரிசெய்யுங்கள். இசையைச் சற்றுக் குறைத்து மைக்கைச் சற்று ஏற்றுங்கள், எக்கோவையும் குறையுங்கள். முன்னால் வந்தவர்கள் எக்கோவை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் எல்லோர் குரலும் இனிமையாகக் கேட்கும், உங்கள் பிசகு மட்டும் உங்களுக்குக் கேட்காது. புதுப் பாட்டுக்கு வழிகாட்டி மெட்டின் ஒலியை உயர்த்திக்கொள்ளலாம்.

மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடாதீர்கள், ஸ்பீக்கர் பக்கம் திருப்பாதீர்கள். இரண்டும் கீச்சொலி எழுப்பும்.

திரையில் வரிகள் நிறம் மாறிக்கொண்டே வரும். அந்த நிறத்தைத் துரத்தாதீர்கள். எழுத்து நிறம் மாறும்போது ஏற்கெனவே அது உங்கள் வாயில் இருக்க வேண்டும், கண் அடுத்த சொல்லில் இருக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் வருவது பின்குரல், அதை விட்டுவிடுங்கள்.

டாமில் செய்மிட்சு சைதென் என்ற நுட்ப மதிப்பெண் முறையைப் போட்டால் ஒவ்வொரு சுரமும் பட்டையாகத் தெரியும். நீங்கள் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்று அப்போதே காட்டும். கர்நாடக சங்கீதம் பயின்றவர்கள் இதை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும். நீண்டு நிற்க வேண்டிய சுரத்தைக் கமகத்தோடு அசைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, பட்டை நேராக இருக்க உங்கள் கோடு வளைந்து வளைந்து போவது தெரியும். அந்த வளைவு அழகுதான், இந்த மெட்டுக்கு அது பொருந்தாது. சுரத்தை நேராக நிறுத்தி, முடிவில் மட்டும் சிறு அசைவு கொடுங்கள்.

பாடி முடித்ததும் எந்தப் பாட்டுக்குக் கீ எத்தனை என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இருக்கும்போது தேடிக் கண்டுபிடிக்க நேரமிருக்காது.

7. கூட்டத்தோடு போகும்போது

ஒரு பாட்டு நான்கு ஐந்து நிமிடம். ஆறு பேர் ஒரு மணி நேரம் அறை எடுத்தால் ஆளுக்கு இரண்டு பாட்டுதான் வரும். அந்த இரண்டில் ஒன்றை உங்களுக்கு முன் வேறொருவர் எடுத்துவிடலாம், அதற்குத்தான் மூன்றாவது.

முதல் ஆளாகப் போக வேண்டாம், மூன்றாவதோ நான்காவதோ சரி. அதற்குள் தொண்டை தளர்ந்திருக்கும், அறையின் போக்கும் தெரிந்திருக்கும். அலுவலக விருந்துக்குப் பின் நிஜிகாய் என்று போகும் இரண்டாம் சுற்றில் வயது கலந்திருக்கும். அங்கே ‘செரி’, ஸார்ட் குழுவின் ‘மகெனாய்தெ’ (1993) போல எல்லோரும் அறிந்ததை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் ரிமோட்டில் ரிரெகி என்ற பகுதியைத் திறங்கள். அந்த அறையில் முன்பு பாடப்பட்டவை அதில் இருக்கும். அந்த ஊரில், அந்த வயதில் என்ன ஓடுகிறது என்பதற்கு அதைவிடச் சரியான பட்டியல் கிடையாது.

வரிசையில் உங்கள் பாட்டு இரண்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள். மற்றவர் பாடும்போது கேட்காமல் இரண்டாம் மைக்கை எடுக்காதீர்கள். மதிப்பெண் திரை ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் நேரம் பிடிக்கும், எல்லோரும் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

பாடிக்கொண்டிருக்கும்போதே ஊழியர் கதவைத் திறந்து பானத்தோடு வருவார். நம் ஆட்கள் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம், தொடருங்கள், அவருக்கு அது அன்றாடம். நடுவில் உண்மையிலேயே தொலைந்துவிட்டால் பாட்டை ரத்து செய்யாமல் அடுத்த ஸபி வரை காத்திருந்து அங்கே சேர்ந்துகொள்ளுங்கள்.

8. கடைசிப் பத்து நிமிடம்

நேரம் முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் உள்ள தொலைபேசி ஒலிக்கும். எடுப்பவர் நீட்டிப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நீட்டிப்பதற்கு ‘என்ச்சோ’ என்று பெயர். நண்பர்களிடம் கேட்காமல் ‘ஹய்’ (ஆம்) என்று சொல்லிவிடாதீர்கள், 30 நிமிடக் கட்டணம் எல்லோர் தலையிலும் ஏறும்.

இன்னும் இரண்டு பாட்டுக்கு நேரம் இருக்கிறது என்று கணக்கு. கடைசிப் பாட்டைத் தனியாகப் பாடும் மெதுப் பாட்டாக வைக்காமல் எல்லோரும் சேர்ந்து பாடுவதாக வையுங்கள். ‘செகய் நி ஹிதொத்சு டகெ நொ ஹனா’வை அதுவரை யாரும் எடுக்கவில்லை என்றால் அதைப் போடலாம். பாட்டு ஓடும்போதே ஒருவர் குவளைகளை ஒதுக்கி, பில் வைத்த பலகையைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். மைக்குகளை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டு, சோஃபா இடுக்கில் கைபேசி விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக் கிளம்புங்கள்.